ஒரு போத்தல் நீர் எதைச் சொல்லும்? – வாசகர் கேள்வி பதில்

எரிபொருள் களஞ்சியங்களுக்கு அருகில் உள்ள கிணறுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு பதிலைத் தொடர்ந்து, திருகோணமலை மாவட்டத்திலிருந்து பல கடிதங்கள் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே விடயத்தைச் சுற்றியவை என்பதால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களில் இருந்த நிறுவனங்களின் பெயர்களை நீக்கிவிட்டேன். விசாரணை முடியாத விடயத்தில் ஒருவர் பெயரை அச்சேற்றுவது முறையன்று.

ஐயா, எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 150 மீற்றர் தொலைவில் லொறிகளுக்கு டீசல் நிரப்பும் தனியார் முற்றம் ஒன்று இருக்கிறது. ஆவணி மாதம் தொடக்கம் எங்கள் கிணற்று நீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரிகிறது. அயலவர் எல்லோரும் அதை டீசல் என்கிறார்கள். ஒரு போத்தல் நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்தோம். ‘எண்ணெயும் கிரீசும் கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்தது. இனி அந்த நீரைக் குடிக்கலாமா?
– வாசகி ஒருவர், அன்புவழிபுரம்

அம்மா, அந்த அறிக்கை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

முதலில் படலத்தைப் பார்ப்போம். ஒரு வாளி நீரை அசையாமல் வைத்து, மேலே தெரியும் படலத்தை ஈர்க்குக் குச்சியால் மெதுவாகக் கீறிப் பாருங்கள். படலம் கண்ணாடித் துண்டுகள்போல் உடைந்து, உடைந்த துண்டுகள் ஒட்டாமல் தனித்தனியே மிதந்தால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள நீரில் வாழும் பக்டீரியாக்கள் உண்டாக்கும் படலம். கீறிய இடம் உடனே மூடிக்கொண்டு, நிறங்கள் சுழன்று மீண்டும் ஒன்றுசேர்ந்தால் அது எண்ணெயாக இருக்கலாம். எங்கள் பகுதியில் இரும்புக் காவி படியும் கிணறுகள் பல உண்டு என்பதால், பலருடைய அச்சம் இந்தக் குச்சியோடு தீர்ந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஆயினும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிலத்துக்குள் எண்ணெய் சிதையும்போது அங்கே ஒட்சிசன் தீர்ந்துபோகிறது, மண்ணில் திண்மமாக இருந்த இரும்பு கரைந்து நீரோடு புறப்படுகிறது. பல ஆண்டுகளாக இரும்பே தெரியாத கிணற்றில் திடீரென்று காவி படியத் தொடங்கினால், படலம் பக்டீரியாவுடையதாகவே இருந்தாலும், அந்த இரும்பு ஏன் வந்தது என்பதைக் கேட்கத்தான் வேண்டும். உங்கள் படலம் ஆவணியில்தான் தோன்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாற்றத்தை நான் கவனத்தில் கொள்வேன்.

இனி அறிக்கை. ‘எண்ணெயும் கிரீசும்’ என்ற பரிசோதனையின் வழக்கமான முறையில், நீரிலுள்ள எண்ணெயை ஒரு கரைப்பானுக்குள் இழுத்தெடுத்து, அக்கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, எஞ்சுவதை நிறுக்கிறார்கள். சமையலறைக் கழிவு நீருக்கும் தொழிற்சாலைக் கழிவு நீருக்கும் அது ஏற்ற முறை. ஆனால் பெற்றோலியத்தில் நாம் மிகவும் அஞ்சவேண்டிய பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள், அந்தக் கரைப்பானோடு சேர்ந்து பறந்துவிடும். மேலும், நிறுக்கும் முறையால் நம்பகமாக அறிவிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு ஏறக்குறைய லீற்றருக்கு 5 மில்லிகிராம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டு அளவோ லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். ஐந்நூறு மடங்கு இடைவெளி! அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் தாலியை நிறுத்துப் பார்த்துவிட்டு ‘தங்கம் இல்லை’ என்று சொல்வது போன்றது இது.

நீரை எந்தப் போத்தலில் கொண்டு போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குடிநீர் விற்கும் பிளாஸ்டிக் போத்தலாக இருந்தால், எண்ணெய்ப் பொருள்களில் ஒரு பகுதி அதன் சுவரிலேயே ஒட்டியிருக்கும். அரைப் போத்தல் நீரும் அரைப் போத்தல் காற்றுமாக இருந்தால், இன்னொரு பகுதி அந்தக் காற்றுக்குள் போய், மூடியைத் திறந்தவுடன் வெளியேறியிருக்கும். மறுமுறை ஆய்வுகூடத்தில் பென்சீன், தொலுயீன், எதயில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கையும், அவற்றோடு நப்தலீனையும், மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபனையும் சோதிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். டீசலில் பென்சீன் குறைவு என்பதால் நப்தலீனை விட்டுவிடக் கூடாது. மாதிரிப் போத்தல்களையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். ஆவியாகும் பொருள்களுக்கு 40 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு கண்ணாடிக் குப்பிகளைத் தருவார்கள். குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்புக்காகக் குப்பிக்குள் சில துளி அமிலம் இட்டிருப்பார்கள், அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள்.

மணத்தைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். பெற்றோலும் டீசலும் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அவற்றில் சில மிகக் குறைந்த அளவிலேயே மூக்கைத் துளைக்கும். பென்சீனைத் தனியே எடுத்தாலோ, நீரில் அதன் வாடை தெரிவதற்கு முன்பே அது வழிகாட்டு அளவை நூற்றுக்கணக்கான மடங்கு தாண்டியிருக்கும். எனவே நீரில் வாடை தெரிந்தால் குடிப்பதை அன்றே நிறுத்துங்கள். மணக்கவில்லை என்பதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு குடிக்கத் தொடங்காதீர்கள். சரியான பரிசோதனை முடியும்வரை குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குழாய் நீரைப் பயன்படுத்துவதே என் ஆலோசனை.

எங்கள் தொழிற்சாலையில் கொதிகலனுக்கு டீசல் வழங்கும் நிலக்கீழ்த் தாங்கி ஒன்று உண்டு. இருப்புக் கணக்கில் சில மாதங்களாகச் சிறு குறைவு காட்டுகிறது. கண்காணிப்புக் கிணறுகள் அமைக்க ஓர் ஒப்பந்தகாரரை அழைத்தோம். மதிலோரமாக, ஒரே வரிசையில், 20 மீற்றர் ஆழத்தில் மூன்று குழாய்க்கிணறுகள் போதும் என்று விலை கொடுத்திருக்கிறார். சரிதானா?
– பாதுகாப்பு உத்தியோகத்தர், திருகோணமலை

மூன்று என்ற எண்ணிக்கை தொடக்கத்துக்குச் சரி. வரிசையும் தவறு, ஆழமும் தவறு.

அதற்கு முன் ஒன்று. இருப்புக் கணக்கில் குறைவு தெரிந்தவுடன் செய்ய வேண்டியது நிலத்தைத் துளைப்பதன்று. தாங்கியையும் குழாய்களையும் கசிவுச் சோதனைக்கு உட்படுத்துங்கள், ஐயம் நீங்கும்வரை தாங்கியை வெறுமையாக்குங்கள். கசிவை நிறுத்தாமல் கண்காணிப்பது, ஓட்டைப் பானையின் கீழே நின்று சொட்டுகளை எண்ணுவதாகும். தாங்கியைவிடக் குழாய் மூட்டுகளிலும், எரிபொருள் நிரப்பும் வாயைச் சுற்றிச் சிந்தியதிலும் மாசு தொடங்கியிருக்கவும் கூடும். பழைய ஊழியர்களிடம் பேசுங்கள். ‘அந்தக் காலத்தில் கழிவெண்ணெயை அந்த மூலையில்தான் ஊற்றினோம்’ என்று ஒரு முதியவர் தேநீர் குடித்தபடி சொன்ன ஒரு வாக்கியம், பல இலட்சம் ரூபாய் செலவில் துளைத்த துளைகளைவிடக் கூடுதலாக உதவியதை நான் ஒருமுறை நேரில் கண்டேன்.

இப்போது மூன்று கிணறுகளுக்கு வருவோம். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அறியாமல் எடுக்கும் எந்த மாதிரிக்கும் பொருள் இல்லை. நீர்மட்டத்தைச் சற்றே சாய்ந்த ஒரு பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல, ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் உயரம் வேண்டும். கோடாக வைத்தால், அக்கோட்டின் வழியான சரிவு மட்டுமே தெரியும், குறுக்குச் சரிவு தெரியாது. ஆகவே முக்கோணமாக அமையுங்கள். நிலத்தின் சரிவையும் அயலிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் பார்த்து ஊகித்து, ஒன்றைத் தாங்கிக்கு மேற்புறத்தில், நீர் வரும் திசையில் வையுங்கள். மற்ற இரண்டும் நீர் போகும் திசையில் இருக்கட்டும். மேற்புறக் கிணறு இல்லாவிட்டால், காணப்படும் மாசு உங்களுடையதா, உங்களுக்கு மேலே இருப்பவருடையதா என்ற கேள்வி வரும்போது உங்களிடம் விடை இருக்காது. முதல் அளவீட்டில் ஊகம் தவறு என்று தெரிந்தால் நான்காவது கிணறு தேவைப்படும். அதற்கும் இப்போதே பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று கிணறுகளின் குழாய் வாயில் ஒவ்வொரு புள்ளியை அடையாளமிட்டு, அவற்றின் உயரத்தை நில அளவையாளரைக் கொண்டு மில்லிமீற்றர் துல்லியத்தில் எடுக்க வேண்டும். நீர்மட்டச் சரிவு நூறு மீற்றருக்கு அரை மீற்றர் அளவிலேயே இருக்கக்கூடும் என்பதால், இரண்டு அங்குலப் பிழை திசையையே திருப்பிவிடும். எல்லாக் கிணறுகளிலும் நீர்மட்டத்தை ஒரே நாளில், இயன்றால் ஒரே மணித்தியாலத்துக்குள் அளந்துவிடுங்கள். உங்கள் வளாகம் துறைமுகக் கரையோரமாயின் இது மேலும் முக்கியமாகும். எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு சிறியதுதான், ஆனாலும் கரையை ஒட்டிய கிணறுகளில் அதன் அசைவு தெரியக்கூடும்.

ஆழத்தைப் பொறுத்தவரை, டீசல் நீரைவிட இலேசானது. அதன் அடர்த்தி நீரினுடையதில் ஏறக்குறைய 0.82 முதல் 0.86 வரையாகும். அது நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கீற்றுத் துளையிட்ட குழாய்ப் பகுதி 15 மீற்றரில் தொடங்கி 20 மீற்றரில் முடிந்தால், மேலே ஒரு சாண் தடிப்பில் எண்ணெய் மிதந்தாலும் அது கிணற்றுக்குள் வராது. அறிக்கையும் சுத்தமாக இருக்கும். துளைப்பகுதி நீர்மட்டத்தை ஊடறுத்து அமைய வேண்டும். கோடையின் மிகத் தாழ்ந்த மட்டத்துக்குக் கீழேயும், மாரியின் மிக உயர்ந்த மட்டத்துக்கு மேலேயும் நீள வேண்டும். எங்கள் பகுதியில் புரட்டாதியில் அளந்த மட்டத்துக்கும் மார்கழியில் அளந்த மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆழமாகத் துளைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மேல்நீரையும் கீழ்நீரையும் பிரித்து நிற்கும் களிமண் படையைத் துளைத்துவிட்டால், மாசு இறங்குவதற்கு நாமே வழி வெட்டிக் கொடுத்தவர்களாவோம்.

குழாய் இரண்டு அங்குல பிவிசி ஆக இருக்கலாம். மூட்டுகளைத் திருகியே பொருத்த வேண்டும். பசை பூசினால் பசையிலுள்ள கரைப்பான் பின்னர் மாதிரியில் வந்து நிற்கும். துளைப்பகுதியைச் சுற்றிக் கழுவிய மணல், அதற்கு மேல் நனைந்தால் வீங்கும் பென்டனைட் களிமண் அடைப்பு, அதற்கு மேல் சீமெந்து, பூட்டக்கூடிய மூடி என்பவை வேண்டும். பென்டனைட் அடைப்பை விட்டுவிட்டால், முற்றத்தில் சிந்திய எண்ணெய் மழை நீரோடு குழாயின் வெளிப்புறமாக இறங்கி, இல்லாத மாசைக் காட்டும். துளைக்கும்போது வெளிவரும் மண்ணை அரை மீற்றருக்கு ஒருமுறை பார்த்து, நிறத்தையும் மணத்தையும் ஆழத்தோடு குறித்து வைக்க ஒருவரை நிறுத்துங்கள். அந்தக் குறிப்பேட்டுக்கு ஈடான ஆவணம் பின்னர் கிடைக்காது.

மாதிரி எடுக்கும் நாளில் குறைந்த வேகத்தில், நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேற்படாமல் நீரை இறைத்து, அதன் காரஅமிலத் தன்மையும் மின்கடத்துதிறனும் கரைந்த ஒட்சிசனும் மாறாமல் நிலைபெற்ற பின்னரே குப்பியை நிரப்ப வேண்டும். சுத்தமானது என்று கருதும் கிணற்றில் தொடங்கி, மாசுபட்டதில் முடிக்க வேண்டும். ஆய்வுகூடத்திலிருந்து தூய நீர் நிரப்பி வந்த ஒரு குப்பியைத் திறக்காமலேயே பெட்டிக்குள் வைத்துத் திரும்பக் கொடுங்கள். அதிலும் பெற்றோல் காட்டினால், மாசு நிலத்திலிருந்து வந்ததன்று, உங்கள் வாகனத்திலிருந்து வந்தது. வழியில் பெற்றோல் அடித்துவிட்டு அதே கையோடு குப்பியைத் தொட்டவர்களை நான் அறிவேன். மின்பிறப்பாக்கியை அருகில் ஓடவிட்டு மாதிரி எடுத்தவர்களும் உண்டு.

குறைந்தது ஓராண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். அதன் பின்னரே பேசத் தொடங்கலாம்.

பல்கலைக்கழக ஆய்வுக்காக ஒரு வளாகத்தில் அளவெடுத்து வருகிறேன். ஐப்பசிக்கு முன் 30 சென்ரிமீற்றர் தடிப்பில் மிதந்த எண்ணெய், மார்கழியில் வெறும் படலமாகிவிட்டது. மழை அதைக் கழுவிவிட்டது என்று எழுதலாமா?
– மாணவர் ஒருவர், நிலாவெளி

எழுதாதீர்கள், தம்பி. சித்திரைக்குப் பின்னர் அந்த எண்ணெய் மீண்டும் வந்து உங்கள் ஆய்வேட்டைப் பொய்யாக்கும்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மிதக்கும் எண்ணெயும் கூடவே இறங்கி, வழியெல்லாம் மணல் மணிகளில் பூசிக்கொண்டு செல்கிறது. வடகீழ்ப் பருவ மழையில் நீர்மட்டம் விரைந்து ஏறும்போது, எண்ணெய் முழுவதாலும் கூட ஏற முடிவதில்லை. பெரும்பகுதி துளித்துளியாகத் துளைகளுக்குள் சிறைப்பட்டு நீருக்கு அடியில் நின்றுவிடுகிறது. கிணற்றில் எண்ணெய் மறைகிறது, நிலத்தில் இருக்கிறது. அத்துளிகளைச் சுற்றி நீர் ஓடுவதால் கரைந்த மாசு அந்தக் காலத்தில் கூடுவதும் உண்டு. மிதக்கும் படையைக் கோடையில் தேட வேண்டும், கரைந்த மாசை இரு காலத்திலும் அளக்க வேண்டும்.

இன்னும் இரண்டு குறிப்புகள். கிணற்றில் காணும் தடிப்பு நிலத்தில் உள்ள தடிப்பன்று. நுண்மணலிலும் வண்டலிலும் கிணறு பல மடங்கு கூட்டிக் காட்டும். அடுத்தது, எண்ணெய் மிதக்கும் கிணற்றில் அளந்த நீர்மட்டத்தை அப்படியே வரைபடத்தில் குறிக்கக் கூடாது. எண்ணெயின் மேற்பரப்பு குழாய் வாயிலிருந்து 2.10 மீற்றரிலும், எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லை 2.40 மீற்றரிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.30 மீற்றர் எண்ணெய், 0.84 என்ற அடர்த்தியில், 0.252 மீற்றர் நீருக்குச் சமமாக அழுத்துகிறது. எண்ணெய் இல்லாதிருந்தால் நீர்மட்டம் 2.148 மீற்றரில் நின்றிருக்கும். திருத்தாமல் 2.40 என்று குறித்தால், இல்லாத பள்ளம் ஒன்று வரைபடத்தில் தோன்றி, எல்லா நீரும் அந்தக் கிணற்றை நோக்கி ஓடுவதுபோல் காட்டும். முதுநிலை அறிக்கைகளிலேயே இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன்.

கொதிக்க வைத்தால் எண்ணெய் போய்விடும் என்கிறார்களே?
– இல்லத்தரசி, பாலையூற்று

ஆவியாகும் பகுதி ஓரளவு போகும். போவது உங்கள் சமையலறைக் காற்றுக்குள். கனமான பகுதி பானையிலேயே இருக்கும். குளோரின் இடுவதாலும் பயனில்லை. செயலூட்டிய கரி வடிகட்டி உறிஞ்சும், ஆனால் அது எப்போது நிரம்பிவிட்டது என்பதைக் கண்ணால் அறிய முடியாது.

மண்ணிலுள்ள பக்டீரியாக்களே எண்ணெயைத் தின்றுவிடும் என்றும், இயற்கையிடம் விட்டுவிடுவதே சிறந்தது என்றும் ஓர் அறிக்கையில் வாசித்தேன். இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சா?
– ஆசிரியர், மூதூர்

பாதி உண்மை, பாதி தட்டிக்கழிப்பு. எந்தப் பாதி என்பதை அளவீடுதான் தீர்மானிக்கும்.

பக்டீரியாக்கள் தின்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மில்லிகிராம் பென்சீனை முழுதாகச் சிதைக்க ஏறக்குறைய மூன்று மில்லிகிராம் ஒட்சிசன் தேவை. எங்கள் வெப்பநிலையில் காற்றோடு முழுமையாகக் கலந்த ஒரு லீற்றர் நீரில்கூட எட்டு மில்லிகிராம் அளவிலேயே ஒட்சிசன் கரைந்திருக்கும். மூன்று மில்லிகிராமுக்கும் குறைவான எண்ணெயோடு அது தீர்ந்துவிடும். அதன்பின் பக்டீரியாக்கள் நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு, சல்பேற்று என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி, கடைசியில் மெதேனை உண்டாக்கும் நிலைக்குப் போகின்றன. ஒட்சிசன் இல்லாத இடத்தில் பென்சீன் மிக மெதுவாகவே சிதையும்.

இயற்கை தன் வேலையைச் செய்கிறது என்று சொல்பவர் அதைக் காட்ட வேண்டும். மாசு பரவும் தடத்தின் நடுவில் ஒட்சிசனும் நைத்திரேற்றும் சல்பேற்றும் குறைந்திருக்கின்றனவா? கரைந்த இரும்பும் மெதேனும் கூடியிருக்கின்றனவா? தடத்தின் முனையிலுள்ள கிணற்றில் பல ஆண்டுகளாக அளவு குறைந்து வருகிறதா? இவற்றின் அட்டவணை அறிக்கையில் இருந்தால் வாசியுங்கள். இல்லாவிட்டால் அது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இட்ட அழகான பெயர். கடற்கரையோரக் கிணறுகளில் சல்பேற்றுக் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கடல் நீரே சல்பேற்றைக் கொண்டுவரும். அதே காரணத்தால், எண்ணெயை எடுக்கிறோம் என்று கரையோரத்தில் பெரிய பம்பிகளை வைத்து இறைத்தால், எண்ணெய்க்குப் பின்னால் உவர்நீர் வந்து நிற்கும்.

சுன்னாகத்தில் நடந்தது இங்கேயும் நடக்குமா?
– கடை உரிமையாளர், உப்புவெளி

சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த வழக்கில், உரிய நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்ததை எல்லோரும் அறிவோம். ஆனால் அங்குள்ள நிலம் வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லில் நீர் அரித்த குகைகளும் வாய்க்கால்களும் இருப்பதால், மாசு எதிர்பாராத திசையில் விரைந்து போகக்கூடும்.

எங்கள் மாவட்டத்தில் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி கரையோரம் மணல். உட்பகுதியில் கடினமான வைரப் பாறையும் அதன் மேல் உக்கிய மண்ணும். மணலில் நகர்வைக் கணக்கிடலாம். மணல் நீரை விடும் திறனான நீர் ஊடுகடத்தல் நாளுக்கு 10 மீற்றர், நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு ஐந்து, மணிகளுக்கு இடையிலான வெற்றிடமாகிய துளைமை கால் பங்கு என்று எடுத்துக்கொண்டால், நீர் நாளுக்கு 20 சென்ரிமீற்றர், ஆண்டுக்கு 73 மீற்றர் செல்லும். அன்புவழிபுரத்து அம்மாவின் 150 மீற்றர் இத்தகைய மணலில் ஈராண்டுப் பயணம். மாசு மண்ணில் ஒட்டி ஒட்டிச் செல்வதால் சற்றுத் தாமதிக்கும். பாறையிலோ நீர் வெடிப்புகளின் வழியே மட்டும் செல்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்கள் நினைத்துப் பாருங்கள். அடுத்தடுத்து இருக்கும் ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவாக இல்லை. பாறையில் பக்கத்துக் கிணறு நல்லது என்பது உங்கள் கிணற்றுக்குச் சான்றாகாது, கெட்டது என்பதும் ஆகாது.

காணி ஒன்றைத் தோண்டியபோது தார்போன்ற கறுப்பு எண்ணெய் வந்தது. போர்க்காலத்து எண்ணெய், யாரும் பொறுப்பில்லை என்கிறார்கள். எண்ணெயின் வயதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், சீனக்குடா

பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காக 1930களில் பெருந்தாங்கிகளைக் கட்டிய ஊர் உங்களுடையது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய ஊரும்கூட. எனவே அந்த ஊகம் எழுவது இயல்பே. ஆனால் ஊகத்தால் பொறுப்பைத் தீர்க்க முடியாது.

வயதைத் திட்டமாகச் சொல்வது கடினம், வகையைச் சொல்லலாம். எண்ணெயை அதன் கூறுகளாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஓட்டினால், பெற்றோலும் டீசலும் கப்பல்களுக்கான கன எண்ணெயும் வெவ்வேறு மலைத்தொடர்போன்ற கோட்டுருவங்களைத் தரும். டீசலில் நேர்ச்சங்கிலி ஐதரோகாபன்களைப் பக்டீரியாக்கள் முதலில் தின்னும். அவற்றுக்கு அருகிலேயே தோன்றும் பிரிஸ்டேன், பைட்டேன் என்ற கிளைச்சங்கிலிப் பொருள்களை எளிதில் தொடா. இவற்றின் விகிதம் புதிய டீசலையும் நெடுநாள் சிதைந்த டீசலையும் பிரித்துக்காட்டும். ‘பழைய எண்ணெய்’ என்று சொல்லப்படும் இடத்தில் நேர்ச்சங்கிலிகள் முழுதாக இருக்கும் புதிய டீசல் கலந்திருப்பது தெரிந்தால், விசாரணை வேறு வாசலைத் தட்ட வேண்டியிருக்கும். கறுப்பு மண்ணை மூடிவிடாமல், கண்ணாடிப் போத்தலில் ஒரு பகுதியை எடுத்து, திகதியும் ஆழமும் எழுதி, யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்பதைக் கையொப்பத்தோடு குறித்து வையுங்கள். கைமாறிய விபரம் இல்லாத மாதிரியை நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது கடினம்.

முறைப்பாட்டை எங்கே கொடுப்பது?
– பலர்

குடிநீர் என்பதால் முதலில் உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதியை பிரதேச செயலகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் அனுப்புங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், மாசு வெளியேற்றக்கூடிய குறித்த தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற்றே இயங்க வேண்டும். அந்த உரிமத்தின் நிபந்தனைகளையும் அரச நிறுவனத்திடம் உள்ள நீர்ப் பரிசோதனை அறிக்கைகளையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ‘அறிக்கை தாருங்கள்’ என்று மட்டும் எழுதாமல், எந்தக் கிணறு, எந்தத் திகதி, எந்தப் பரிசோதனை முறை, கண்டறியும் கீழ் எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். முதல் பதிலை வாசித்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வியின் தேவை புரியும்.

கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க ஆள் பேசியிருக்கிறோம். மேலே எண்ணெய் தெரிகிறது. இறங்கலாமா?
– வாசகர், தம்பலகாமம்

இறங்க விடாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். இறங்குபவர் மயங்கி விழலாம். தூக்கப் போகிற இரண்டாமவரும் அவ்வாறே விழுவதுதான் இத்தகைய விபத்துகளின் வழக்கம். விளக்கையோ மெழுகுதிரியையோ இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இங்கே வெடிப்புக்கு வழி. சாதாரண மின்பம்பியின் தீப்பொறியும் போதும். கிணற்றுவாயைச் சுற்றிக் கயிறு கட்டி, புகைப்பவர்களை விலக்கி, பம்பியின் இணைப்பைக் கிணற்றிலிருந்து தள்ளியிருக்கும் பிரதான ஆளியில் துண்டியுங்கள். பேசிய ஆளுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பரிசோதகருக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள். இறைத்த எண்ணெய் நீரை வாய்க்காலில் விடுவதற்கும் பரிசோதகர் வரும்வரை இடம் கொடாதீர்கள். அந்த வாய்க்கால் போகும் வழியில் வயல்கள் இருக்கின்றன.